நிறுவன எழுத்து: தாய் வீட்டிலா, தனி வீட்டிலா?

பஞ்சாலைகளும் சிமெண்ட் ஆலைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் தம் சரக்கை விற்பதோடு நில்லாமல், பொதுமக்கள் படிப்பதற்கென்று கட்டுரைகளையும் வெளியிடுவதுண்டு. விலைப்பட்டியல், விளம்பரம், ஆண்டறிக்கை ஆகியவை இதில் சேரா. பருத்தி எப்படி நூலாகிறது, புதிய தளத்துக்கு எத்தனை நாள் நீர் கட்ட வேண்டும், பால் ஏன் திரிகிறது என்பன போன்றவற்றை விளக்கும் எழுத்தே இங்கு நிறுவன எழுத்து எனப்படுகிறது. இதை நிறுவனத்தின் பெயரிலேயே, அதன் முதன்மை முகவரியிலேயே வைத்துக்கொள்வதா, வேறு பெயரும் வேறு இடமும் கொடுத்துத் தனிக்குடித்தனம் அனுப்புவதா என்ற கேள்வி அச்சு இதழ்களின் காலத்திலேயே எழுந்துவிட்டது. எந்த வழி வாடிக்கையாளரை அதிகமாகக் கொண்டுவரும் என்பது விற்பனைத் துறையினரின் கவலை. படிப்பவர் பக்கம் நின்று பார்த்தால் கவலை வேறு. இதை நம்பிப் படிக்கலாமா? பத்து ஆண்டு கழித்துத் தேடினால் கிடைக்குமா?

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும்

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இந்த இரண்டு ஊர்களுக்கும் இந்தக் கேள்வி நேரடியாகப் பொருந்தும். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1957-இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் உருவானது. முதல் நிறுவனத்துக்கு ஊரின் பெயர், அடுத்ததற்கு மாநிலத் தலைநகரின் பெயர். 2013-இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் என்ற பெயர் ராம்கோ சிமெண்ட்ஸ் என்று மாற்றப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் தனிப்பெயரில் வாழ்ந்த நிறுவனம் குடும்பப் பெயருக்குள் வந்து சேர்ந்தது. இதே குழுமத்தின் மென்பொருள் நிறுவனமான ராம்கோ சிஸ்டம்ஸ் எதிர்த்திசையில் நடந்தது. ராம்கோ இண்டஸ்ட்ரீஸின் ஆய்வுப் பிரிவாகத் தொடங்கி, 1997-இல் தனி நிறுவனமானது. ஆனால் வெளியே போகும்போது பெயரைக் கையோடு கொண்டுபோனது. பெயரும் வீடும் ஒன்றாகத்தான் பயணம் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதற்கு உள்ளூரிலேயே சான்று இருக்கிறது.

பெரிய ஆலைகளைச் சுற்றிச் சிறுதொழில்களும் வளர்ந்தன. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெசவுக்குப் பெயர்பெற்றது. தளவாய்புரம் ஆயத்த ஆடைகளுக்கு அறியப்பட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே கூட்டுறவுச் சங்கமும் தனியார் கடைகளும் ஒரே ஊர்ப்பெயரைத் தம் பலகைகளில் எழுதிக்கொண்டு அருகருகே விற்கின்றன.

இந்தத் தொழில்களைப் பற்றிய அறிவு பெரும்பாலும் தொழிலாளர்களின் கையிலும் மேற்பார்வையாளர்களின் நினைவிலும் இருக்கிறது. கட்டுத்துணி நெசவைப் பற்றி ஆய்வேடு எழுத வரும் கல்லூரி மாணவருக்கு விற்பனைக் கணக்கு எளிதில் கிடைக்கும். துணி எப்படி வெளுக்கப்படுகிறது, எந்த இடத்தில் கெட்டுப்போகும் என்பது எளிதில் கிடைக்காது. அதை எழுதக்கூடியவர்கள் அந்தத் தொழிலில் இருப்பவர்கள்தாம். ஆகவே அந்த எழுத்து எங்கே குடியிருக்க வேண்டும் என்பதை விளம்பரத் துறைக்குரிய சிறு விஷயமாக ஒதுக்கிவிட முடியாது.

தமிழ் இதழுலகில் இரண்டு வழிகள்

தனிப்பெயர் வழிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு கலைமகள். 1891 முதல் வெளிவந்துகொண்டிருந்த மெட்ராஸ் லா ஜர்னல் என்ற சட்ட இதழின் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். நாராயணசுவாமி ஐயர் 1932-இல் கலைமகளைத் தொடங்கினார். தீர்ப்புகளை அச்சிட்ட வீடு, உ.வே. சாமிநாதையரின் கட்டுரைகளையும் புதுமைப்பித்தனின் கதைகளையும் வெளியிட்டது. இதே இதழ் ‘மெட்ராஸ் லா ஜர்னல் இலக்கிய இணைப்பு’ என்ற பெயரில் வந்திருந்தால் வக்கீல் வீட்டு வரவேற்பறையைத் தாண்டியிருக்குமா என்பது சந்தேகமே. பிறகு அதே நிறுவனம் மொழிபெயர்ப்புகளுக்கும் பல்துறைத் தொகுப்புக்கும் மஞ்சரி, சிறுவர்களுக்குக் கண்ணன் என்று மேலும் இரண்டு தனிப்பெயர்களைச் சூட்டியது. மஞ்சரியைத் தி.ஜ.ர., கண்ணனை ஆர்வி, கலைமகளைக் கி.வா. ஜகந்நாதன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் இருந்தது. வாசகர்கள் நிறுவனத்தின் பெயரை மறந்து ஆசிரியரின் பெயரால் இதழை அடையாளம் கண்டனர். தனிவீட்டின் பெரும்பயன் இதுதான். எழுத்துக்குப் பொறுப்பானவர் யார் என்பது வெளியில் தெரியும். எந்தக் கட்டுரை வரலாம், எது வேண்டாம் என்று அவர் சொல்லும் சொல்லுக்கு மதிப்பு இருக்கும்.

ஆனந்த விகடன் மறுவழியில் சென்றது. பூதூர் வைத்தியநாதையர் நடத்திய இதழை 1928-இல் எஸ்.எஸ். வாசன் வாங்கினார். அவர் அப்போது தபால் வழி விற்பனைத் தொழில் செய்துகொண்டு, அந்த இதழில் விளம்பரமும் கொடுத்துவந்தார். பெயரின் எழுத்து ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்து வாங்கினார் என்று சொல்வதுண்டு. பெயருக்கு அவர் கொடுத்த மதிப்பைப் பின்வந்தவர்களும் காத்தனர். ஜூனியர் விகடன், சுட்டி விகடன், அவள் விகடன், நாணயம் விகடன், சக்தி விகடன், பசுமை விகடன் என்று புதிய இதழ்கள் பல குடும்பப் பெயரோடுதான் வந்தன. புதிய இதழை வாங்கத் தயங்கும் வாசகருக்கு அந்தப் பெயர் ஒரு ஜாமீன் போல இருந்தது. அதே வேளையில் ஒன்றில் வரும் பிழை அனைத்தையும் தொடும் என்பதும் அதன் விலை. வாசன் திரைப்படத் தொழிலுக்கு விகடன் பெயரைத் தரவில்லை. ஜெமினி என்று தனிப்பெயர் சூட்டினார். இதழும் படமும் ஒரே பெயரில் இருந்தால் படத்தைப் பற்றி இதழ் எழுதும் ஒவ்வொரு வரியும் விளம்பரமாகவே படிக்கப்படும். காரணம் எதுவாயினும், முடிவு சரியானதே.

இவை இரண்டும் இதழ்த்தொழிலையே தொழிலாகக் கொண்ட வீடுகள். சரக்கு விற்ற வீடு ஒன்று எழுத்தைப் பெற்று வளர்த்த கதை அமிர்தாஞ்சனத்துடையது. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-இல் பம்பாயில் வலி நிவாரணத் தைலத் தொழிலைத் தொடங்கினார். அந்த வருமானத்தைக் கொண்டு 1908-இல் ஆந்திர பத்திரிகா என்ற தெலுங்கு வார இதழை ஆரம்பித்தார். 1914-இல் அது சென்னைக்கு வந்து நாளிதழானது. 1924-இல் பாரதி என்ற இலக்கிய இதழும் சேர்ந்தது. மஞ்சள் டப்பியின் பெயர் எந்த இதழின் முகப்பிலும் இல்லை. ஆந்திரர்களுக்குத் தனி மாநிலம் வேண்டும் என்ற இயக்கத்தின் குரலாக அந்த நாளிதழ் விளங்கியது. 1937-இல் ஸ்ரீபாக் ஒப்பந்தம் சென்னையில் நாகேஸ்வர ராவின் இல்லத்தில்தான் கையெழுத்தானது. ஒரு தைலக் கம்பெனியின் பெயரைத் தாங்கிய தாளுக்கு இந்தத் தகுதி வந்திருக்காது. இருந்தாலும் இந்தக் கதையின் பின்பாதியையும் சொல்ல வேண்டும். ஆந்திர பத்திரிகா 1991-இல் நின்றுவிட்டது. தைலம் இன்றும் விற்கிறது. தனிப்பெயர் மரியாதையைத் தந்தது, ஆயுளைத் தரவில்லை.

பெயரிலேயே எஜமானர் இருந்தால்

தாய் நிறுவனத்தின் பெயரை முகப்பிலேயே தாங்கி வந்த இதழ்களில் தமிழ்நாட்டில் மிக அதிகமான வீடுகளுக்குள் நுழைந்தவற்றுள் ஒன்று சோவியத் நாடு. வழவழப்பான தாள், வண்ணப் படங்கள், குறைந்த சந்தா. அதைப் பாடப்புத்தகங்களுக்கு அட்டை போடப் பயன்படுத்தாத பள்ளிக்கூடம் இருந்திருக்குமா என்று கேட்கும் அளவுக்குப் பரவியிருந்தது. படித்தவர்களைவிட அட்டை போட்டவர்களே அதிகம் என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் அந்த இதழின் இடர்ப்பாடு அதுதான். தொ.மு.சி. ரகுநாதன் போன்ற தேர்ந்த எழுத்தாளர்கள் அங்கே பணியாற்றினர். மொழிநடையில் குறை சொல்ல முடியாது. என்றாலும் அடுத்த பக்கத்தில் என்ன இருக்கும் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். டிராக்டர் நன்றாக ஓடும், அறுவடை கூடும், தொழிலாளி சிரிப்பார். ஏதேனும் ஒரு டிராக்டர் பழுதானது என்று ஒரே ஒரு கட்டுரை வந்திருந்தால் மற்றவற்றையும் நம்பிப் படித்திருப்பார்கள். 1991-இல் அந்த நாடே இல்லாமல் போனபோது இதழின் பெயருக்கும் பொருள் இல்லாமல் போயிற்று.

ஏறத்தாழ அதே கொள்கைப் பின்புலத்தில் பிறந்த தாமரையை இதனோடு ஒப்பிட வேண்டும். பொதுவுடைமைக் கட்சிக்கு 1937 முதல் ஜனசக்தி என்ற அரசியல் ஏடு இருந்தது. இலக்கியத்தை அதற்குள்ளேயே ஒரு பக்கமாக வைத்துக்கொள்ளாமல், ப. ஜீவானந்தம் 1959-இல் தாமரையைத் தனி இதழாகத் தொடங்கினார். பெயரில் கட்சியும் இல்லை, கொள்கையும் இல்லை. ஒரு பூவின் பெயர். தி.க. சிவசங்கரன் பொறுப்பேற்றிருந்த 1960-களின் பிற்பகுதியிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் கி. ராஜநாராயணன் போன்ற கரிசல் எழுத்தாளர்கள் அதில் எழுதினர். ராஜபாளையம், சாத்தூர், கோவில்பட்டிப் பகுதிகளின் மண்ணும் பேச்சும் அச்சேறியதில் அந்த இதழுக்குப் பங்கு உண்டு. கட்சி அலுவலகத்திலிருந்து அது வெகுதூரம் போய்விடவில்லை. ஆனால் நல்ல கதையா என்ற கேள்வியைக் கேட்க ஓர் ஆசிரியர் இருந்தார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இடத்தைவிட ஆசிரியரின் கை ஓங்கியிருப்பதே முக்கியம் என்று தோன்றும். அது பாதி உண்மைதான். தாய் நிறுவனத்தின் பெயர் முகப்பில் இருக்கும்போது மேலிருந்து வரும் ஒவ்வொரு தொலைபேசி அழைப்புக்கும் ஆசிரியர் பதில் சொல்லியாக வேண்டும். தனிப்பெயர் அந்த அழைப்புகளைக் குறைக்கிறது. அந்த அளவுக்கு இருப்பிடம் ஆசிரியரின் துணிவைத் தீர்மானிக்கவே செய்கிறது.

பஞ்சாலை நகரத்துக்கு முன்மாதிரி

ராஜபாளையத்துக்கு மிக நெருங்கிய முன்மாதிரி கோயம்புத்தூரில் இருக்கிறது. அங்கே ஜி.ஆர். தாமோதரன் 1940-களின் இறுதியில் கலைக்கதிர் என்ற அறிவியல் இதழைத் தொடங்கினார். அவர் பின்னர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வராகவும், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தவர். 1926-இல் நிறுவப்பட்ட பி.எஸ்.ஜி. அறநிலையத்தின் தொழிற்குடும்பத்தைச் சேர்ந்தவர். பம்பு செட்டும் பஞ்சாலையும் பெருகிய ஊரிலிருந்து பௌதிகமும் பொறியியலும் தமிழில் வந்தன. கலைச்சொற்கள் இல்லாத காலத்தில் அவற்றை உருவாக்கிக்கொண்டே எழுத வேண்டியிருந்தது. இதழின் பெயரில் குடும்பத்தின் முதலெழுத்துகள் கிடையாது. அதனால்தான் மற்றக் கல்லூரி ஆசிரியர்களும் தயக்கமின்றி எழுத முடிந்தது. போட்டி நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் மனத்தடையின்றிக் கட்டுரை அனுப்பக்கூடிய இடமாக இருப்பது எந்த நிறுவன எழுத்துக்கும் நல்ல சோதனை.

ராஜபாளையத்தில் பெயரை ஒதுக்கிவைத்து வீட்டைக் கொடுத்த மரபும் உண்டு. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக 1949 முதல் 1952 வரை இருந்த பி.எஸ். குமாரசுவாமி ராஜா தம் இல்லத்தைக் கலைப்பணிக்குக் கொடுத்தார். அது குமாரசுவாமி ராஜா மன்றம் என்று பெயர்பெறவில்லை. காந்தி கலை மன்றம் என்றே அழைக்கப்படுகிறது. எழுத ஆளில்லை என்று இந்த ஊர் நிறுவனங்கள் சொல்லவும் முடியாது. கிருஷ்ணதேவராயர் ஸ்ரீவில்லிபுத்தூரைக் களமாகக் கொண்டு தெலுங்கில் பாடிய ஆமுக்தமால்யதாவைத் தமிழுக்குக் கொண்டுவந்து சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்ற மு.கு. ஜகந்நாத ராஜா ராஜபாளையத்துக்காரர்.

பெயர் கெடுக்காத ஓர் எடுத்துக்காட்டு

நிறுவனப் பெயர் முகப்பில் இருந்தாலே நம்பகம் போய்விடும் என்று சொல்லிவிட முடியாதபடி குறுக்கே நிற்பது மிஷலின் கையேடு. பிரான்சின் டயர் நிறுவனமான மிஷலின் 1900-இல் வாகன ஓட்டிகளுக்கு இலவசக் கையேடு ஒன்றை அச்சிட்டது. 1920 முதல் அதற்கு விலை வைத்தது. 1926-இல் சிறந்த உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கியது. இன்று டயரை அறியாதவர்களும் அந்த நட்சத்திரத்தை அறிவர். பெயர் கெடுக்காததற்குக் காரணம் எளிது. டயர் விற்பவருக்கு உணவகம் இல்லை. எந்த உணவகத்தைப் புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும் அவர் கல்லாவில் நேரடியாக எதுவும் விழாது.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரு கோடு தெளிவாகிறது. பஞ்சாலை ஒன்று சஞ்சீவி மலையின் தாவரங்களைப் பற்றியோ ஆடிப்பூரத் தேரைப் பற்றியோ எழுதினால் அதைத் தன் பெயரிலேயே, தன் முகவரியிலேயே வைக்கலாம்; யாரும் ஐயப்பட மாட்டார்கள். அதே ஆலை எந்த நூல் நல்ல நூல் என்று எழுதும்போதுதான் சிக்கல். தான் விற்கும் பொருளுக்கு எவ்வளவு நெருங்கி எழுதுகிறதோ அவ்வளவுக்குத் தனி ஆசிரியர் தேவைப்படுகிறார்.

வாடகை நிலம்

இணையம் வந்த பிறகு தனிவீடு மிகவும் மலிவாகிவிட்டது. புதிய முகவரி வாங்க ஒரு வேளை விருந்துக்கு ஆகும் செலவுகூட ஆவதில்லை. இலவசமாக இடம் தரும் நிறுவனங்களும் உண்டு. ஆகவே பல நிறுவனங்கள் கட்டுரைகளை வெளியே கொண்டுபோய்க் குடிவைத்தன. அச்சுக் காலத்தில் இல்லாத ஆபத்து இங்கே தோன்றியது. பழைய இதழ் நின்றுபோனாலும் நூலகத்தில் ஒரு பிரதி மிஞ்சும். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போனால் செத்த இதழ்களையும் புரட்டலாம். இணையத்தில் ஆண்டுக் கட்டணம் கட்ட மறந்தால் முகவரியே கைமாறிவிடும். யாஹூ தன் ஜியோசிட்டீஸ் சேவையை 2009-இல் மூடியபோதும், கூகுள் பிளஸ் 2019-இல் மூடப்பட்டபோதும் அவற்றை நம்பி எழுதியவர்கள் அவசரமாக மூட்டை கட்ட வேண்டியிருந்தது. கூகுளே இதற்கு விலக்கில்லை. முதன்மைத் தளத்துக்கு வெளியே வைத்திருந்த அதன் அதிகாரபூர்வ அறிவிப்புப் பக்கம் 2006 மார்ச்சில் தவறுதலாக நீக்கப்பட்டது. அந்த முகவரியை வேறொருவர் சிறிது நேரம் எடுத்துக்கொண்டார். உலகத்துக்கே முகவரி காட்டும் நிறுவனம் தன் வீட்டு வாசலில் வேறொருவர் நிற்கக் கண்டது.

முதன்மைத் தளத்தை நிறுவனம் மறக்காது. பங்குதாரர்களும் வாடிக்கையாளர்களும் நாள்தோறும் வருமிடம் அது. கட்டுரைகள் அங்கேயே இருந்தால் நிறுவனம் உள்ளவரை அவற்றுக்குக் கூரை உண்டு. எழுத்தில் பிழை இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதிலும் குழப்பம் வராது. தனிப்பெயரில் அறிவுரை எழுதிவிட்டு, பின்னால் இருப்பவர் யார் என்பதை மறைத்துக்கொள்ளும் நிறுவனங்களுக்குத் தனிவீடு முகமூடியாகிவிடுகிறது. கலைமகளையும் ஆந்திர பத்திரிகாவையும் நடத்துபவர் யார் என்பது ஊரறிந்த செய்தி. அந்த வெளிப்படைத்தன்மை இல்லாமல் அவர்களுடைய முறையை மட்டும் பின்பற்றுவது வாசகரை ஏமாற்றுவதாகும்.

எனவே, நிலம் தாய் வீட்டினுடையதாகவும், பெயரும் ஆசிரியரும் தனியாகவும் இருப்பதே இரண்டு வழிகளையும்விடச் சிறந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இதற்கு ஒப்பான அமைப்பைக் காணலாம். வடபத்ரசாயி கோயிலும் ஆண்டாள் கோயிலும் தனித்தனியே நிற்கின்றன, இடையில் நந்தவனம், நிர்வாகமோ ஒன்று. ஓங்கிய ராஜகோபுரம் வடபத்ரசாயிக்குரியது. ஆனால் ஊருக்கு வருபவர் வழி கேட்பது ஆண்டாள் கோயிலுக்குத்தான். இதனால் பெருமாளுக்கு எந்தக் குறைவும் வந்ததாகத் தெரியவில்லை.

நடைமுறையில் இதற்குப் பெரிய செலவில்லை. நிறுவனத்தின் முதன்மைத் தளத்திலேயே கட்டுரைகளுக்கு ஒரு தனிப்பெயர், ஒவ்வொரு கட்டுரையின் கீழும் எழுதியவர் பெயரும் நாளும், திருத்தினால் திருத்திய நாள், விற்பனைத் துறையின் ஒப்புதலுக்குப் போகாத ஓர் ஆசிரியர். கடைசியாகச் சொன்னதை ஏற்கத்தான் நிறுவனங்கள் தயங்கும். சத்திரப்பட்டிப் பக்கத்துக் கட்டுத்துணி நிறுவனம் ஒன்று இப்படி எழுதத் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். பருத்தியில் இயற்கையாக ஒரு மெழுகு இருக்கிறது, அதை வேகவைத்து நீக்காவிட்டால் துணி இரத்தத்தை உறிஞ்சாது என்பது முதல் கட்டுரைக்குரிய செய்தி. சரியாக மெழுகு நீக்கிய மருத்துவப் பஞ்சு நீரில் இட்டால் பத்து நொடிக்குள் மூழ்க வேண்டும் என்பது தர விதி. அந்தச் சோதனைக்கு ஒரு பாத்திரமும் தண்ணீரும் கடிகாரமும் போதும். கட்டுரையைப் படித்த மாணவர் கடையில் கிடைக்கும் எந்தப் பஞ்சிலும் அதைச் செய்து பார்ப்பார், கட்டுரையை வெளியிட்ட நிறுவனத்தின் பஞ்சிலும்.